கோவ் ஊரில் படி ஏறாமல் தங்க இடம் வேண்டும்

வணக்கம். செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அயர்லாந்தின் கோவ் துறைமுக ஊருக்குப் போகிறோம், மூன்று இரவு. டப்ளினிலிருந்து கார்க் வரை ரயில், அங்கே மாறினால் அரை மணிக்குள் கோவ். அதுவரை கவலையில்லை. தங்கும் இடம்தான் பிரச்சினை.

ஊரே மலைச்சரிவில் இருக்கிறது. ரயில் நிலையம் கீழே, தண்ணீர் ஓரம். புனித கோல்மன் பேராலயம் மேலே. அம்மாவுக்கு மூட்டுவலி. போன வருடம் வேறொரு ஊர் விடுதியில் "முதல் மாடிதான்" என்றார்கள். போய்ப் பார்த்தால் ஒடுக்கமான மரப்படி, திருப்பத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் முடியாது.

கடலோரச் சாலைப் பக்கம், தரைத்தள அறை உள்ள விருந்தினர் இல்லத்தில் யாராவது தங்கியிருக்கிறீர்களா? அப்புறம் காலை உணவு. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பன்றி இரத்தம் சேர்த்த பிளாக் புட்டிங் பொரித்த சட்டி படாமல், ஓட்ஸ் கஞ்சி மட்டும் தனியாகச் செய்து தருவார்களா?

இங்கிருந்து கப்பலேறி, 1892-இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாக இறங்கிய ஆனி மூர், தம்பிகளோடு சிலையாகத் துறைமுகத்தில் நிற்கிறாள். அம்மாவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். பேராலயத்தின் 49 மணிகளையும் கேட்க ஆசை. மேலே போக டாக்ஸி எளிதாகக் கிடைக்குமா? துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்பைக் தீவுக்குப் போகும் படகில் ஏறுவது அம்மாவுக்குச் சிரமமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த வாரமே அறை பதிவு செய்ய வேண்டும்.