மேடிசன், விஸ்கான்சின்: சனிக்கிழமைச் சந்தை, கேபிடல், டெவில்ஸ் லேக்

மேடிசனுக்குப் போவதாக இருந்தால் சனிக்கிழமை காலை அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை கேபிடல் (விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றக் கட்டடம்) சதுக்கத்தைச் சுற்றி டேன் கவுண்டி உழவர் சந்தை கூடும். 1972-இல் தொடங்கியது. விளைவித்தவரோ தயாரித்தவரோதான் விற்கலாம். வாங்கி விற்க அனுமதி கிடையாது. கூட்டம் முழுக்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகரும். அதை எதிர்த்து ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போவது நடக்காத காரியம். எட்டு மணிக்கு முன்பே போனால் நின்று பேசி வாங்கலாம். சதுக்கத்திலிருந்து கிளம்பும் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பக்கத்துத் தெருக்களில் உள்ள நகராட்சி அடுக்கு பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடப்பதே சுலபம்.

சீஸ் கர்ட் (அச்சில் அழுத்தாத புதுச் சீஸ் துண்டுகள்) அவசியம் வாங்குங்கள். புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும். ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் இருந்தால் சத்தம் போய்விடும். மைக்ரோவேவில் சில நொடி வைத்தால் கொஞ்சம் திரும்ப வரும். கூடுதலாக வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சைவக்காரர்கள் எந்த ரென்னட் (பாலைத் திரிய வைக்கும் நொதி) போட்டது என்று கேட்டு வாங்குங்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு.

* * *

சந்தை முடிந்ததும் அப்படியே கேபிடலுக்குள் போய்விடலாம். நுழைவு இலவசம், வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதும் இலவசம். 1906 முதல் 1917 வரை கட்டியது, குவிமாடம் கிரானைட். மாடிப்படிக் கற்களில் புதைபடிவங்கள் இருக்கின்றன, வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். கவர்னர் பகுதி வாசலில் உள்ள வெண்கல பேட்ஜரின் (வளை தோண்டும் விலங்கு, மாநிலத்தின் சின்னம்) மூக்கு ஆட்கள் தடவித் தடவியே பளபளக்கும். மேல் பார்வைத் தளம் கோடையில் மட்டும்தான். வானிலை சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் கீழே ஏரிப்பக்கம் இறங்கி மோனோனா டெரஸ் என்ற மாநாட்டு மையத்தின் மொட்டைமாடிக்குப் போங்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1938-இல் முன்வைத்த திட்டம், திறந்தது 1997-இல்.

* * *

வெளியூர் என்றால் என் வாக்கு டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்குத்தான். வடமேற்கே பேரபூ ஊருக்குப் பக்கத்தில், காரில் ஒரு மணி நேரத்துக்குள். ஏரியின் இரண்டு முனையையும் பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் அடைத்துவிட்டன. இருபக்கமும் சுமார் 500 அடி உயர குவார்ட்சைட் (மணற்கல் இறுகி மாறிய கடினப் பாறை) சுவர்.

காருக்குப் பூங்கா நுழைவு ஸ்டிக்கர் வாங்க வேண்டும், வெளிமாநில நம்பர் பிளேட்டுக்குக் கட்டணம் அதிகம். கோடை வார இறுதியிலும் அக்டோபரில் இலை நிறம் மாறும்போதும் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும்.

பாதையை இந்த வரிசையில் போடுங்கள்: தென்கரையில் பேலன்ஸ்டு ராக் பாதையில் ஏறி, மேலே டெவில்ஸ் டோர்வே என்ற வாசல் போன்ற பாறையைப் பார்த்து, ஈஸ்ட் பிளஃப் வழியாக வடகரைக்கு இறங்கி, மேற்குக் கரையில் டம்பிள்டு ராக்ஸ் பாதையில் திரும்புங்கள். பேலன்ஸ்டு ராக் செங்குத்தான கற்படி, அதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை வாங்கும். மிதிபட்டு வழவழப்பான குவார்ட்சைட் மழையில் சோப்பு போல வழுக்கும். ஈரம் என்றால் அன்றைக்கு ஏறவே வேண்டாம். பாறை விளிம்பில் தடுப்பு கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். புல்லில் உண்ணி உண்டு. திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் சாக்ஸ் விளிம்பையும் பாருங்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று: ஏரியில் குளித்துவிட்டு உடம்பை அப்படியே காயவிடாதீர்கள், உடனே துண்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். நத்தையிலிருந்து வரும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்து அரிப்பைக் கிளப்பும். மேடிசனுக்குள் மெண்டோட்டா ஏரியில் கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருகினால் கடற்கரை போன்ற குளியல் துறைகளை மூடுவார்கள். பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரித் தண்ணீர் தெரிந்தால், அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் குழந்தைகளை இறக்க வேண்டாம்.

மழை நாளென்றால் மேற்கே கேவ் ஆஃப் தி மவுண்ட்ஸ். 1939-இல் குவாரி வெடிப்பில் வெளிப்பட்ட சுண்ணாம்புக் குகை. உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 50 டிகிரி ஃபாரன்ஹீட். ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.