தாய் ஆட்டுக்கு சிஏஇ (ஆடுகளின் மூட்டு, மூளையைத் தாக்கும் வைரஸ் நோய்) பாசிட்டிவ், ரெண்டு மாதக் குட்டிகளுக்கும் பாசிட்டிவ். கழித்துவிடுவதா?

கேட்டவர்:
வணக்கம். என் பால் ஆடு ஒன்றுக்கு முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி, எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது. ஈன்ற அன்றே மடி கல் மாதிரி இறுகியிருந்தது, பாலும் சரியாக இறங்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். எலிசா பரிசோதனையில் சிஏஇ வைரஸ் பாசிட்டிவ். அதன் இரண்டு பெட்டைக் குட்டிகளும் தாயிடம்தான் சீம்பால் குடித்தன. இப்போது ரெண்டு மாதம். அவற்றுக்கும் பாசிட்டிவ் வந்திருக்கிறது, ஆனால் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கின்றன. நல்ல வர்க்கம், கழிக்க மனசு வரவில்லை. இந்த முடிவை நம்பலாமா? சினையாக இருக்கும் இன்னொரு ஆடும் பாசிட்டிவ். அதன் குட்டியையாவது காப்பாற்ற வழி உண்டா?

பதில் 1:
சினை ஆட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஈன்றதும் சீம்பாலைக் கறந்து, நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். வைரஸ் செத்துவிடும்.

பதில் 2:
அண்ணே, சீம்பாலைக் கொதிக்கவைக்கக் கூடாது. 60 டிகிரி தாண்டினாலே அதிலுள்ள ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) கெட ஆரம்பிக்கும், சீம்பாலும் திரிந்து கெட்டியாகிவிடும். சிஏஇ-யிலிருந்து தப்பிய குட்டி அப்புறம் கழிச்சலில் போய்விடும். 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைப்பதுதான் முறை. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சீம்பால் பாத்திரத்தை வைத்து, தெர்மாமீட்டரைச் சீம்பாலுக்குள்ளேயே விட்டுப் பாருங்கள். சூடு 56-ஐத் தொட்ட பிறகுதான் அந்த ஒரு மணி நேரத்தை எண்ண வேண்டும்.

கேட்டவருக்கு: ரெண்டு மாதக் குட்டியின் எலிசா முடிவை வைத்துக் கழிக்க வேண்டாம். எலிசா தேடுவது வைரஸை அல்ல, ஆன்டிபாடியை. தாயின் ஆன்டிபாடி சீம்பால் வழியாகக் குட்டியின் ரத்தத்துக்குள் போய்ச் சில மாதம் தங்கும். குட்டிக்குத் தொற்றே இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதம் தாண்டியபின் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இந்த வைரஸ் தாயின் வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு பாலில் வருகிறது, தாயிடமிருந்து குட்டிக்குப் பரவுவதில் முக்கிய வழியே அதுதான். உங்கள் குட்டிகள் அந்தப் பாலைக் குடித்திருக்கின்றன. எனவே முடிவு தெரியும்வரை தாயிடமிருந்து பிரித்து, சுத்தமான ஆடுகளோடும் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிசிஆர் எடுத்தால் இப்போதே தெரிந்துவிடாதா? வயிற்றிலேயே தொற்றியிருக்க வாய்ப்பு உண்டா?

பதில் 3 (கால்நடை மருத்துவர்):
பிசிஆர் வைரஸின் மரபணுவையே தேடுவதால் தாயின் ஆன்டிபாடி அதைக் குழப்பாது. பாசிட்டிவ் வந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் வந்தால்தான் சிக்கல். ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் தப்பிவிடும், இந்த வைரஸில் வகைகளும் பல என்பதால் சில வகை பிடிபடாமலும் போகலாம். சில ஆடுகள் தொற்றிப் பல மாதம் கழித்துத்தான் ஆன்டிபாடி காட்டும். ஆக எந்தப் பரிசோதனையானாலும் ஒரே ஒரு நெகட்டிவை வைத்து மந்தையில் சேர்க்காதீர்கள். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

வயிற்றில் தொற்றுவது உண்டு, ஆனால் சீம்பாலோடு ஒப்பிட்டால் குறைவு. அதனால்தான் ஈனும்போது பக்கத்தில் ஆள் இருப்பது இவ்வளவு முக்கியம். குட்டி விழுந்ததும், தாய் நக்கும் முன், மடியைத் தேடும் முன் எடுத்துவிடுங்கள். துடைத்து, தொப்புளுக்கு அயோடின் வைத்து, சூடாக்கிய சீம்பாலை ஆறவிட்டு, இளஞ்சூட்டில் சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். முதல் நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். தொற்றில்லாத ஆட்டின் சீம்பால் முன்பே உறையவைத்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு கொடுக்கும் பாலும் பாஸ்டரைஸ் செய்ததாகவே (கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கியதாகவே) இருக்கட்டும். சூடாக்கிய சீம்பாலிலும் ஆன்டிபாடி இருக்கும், எனவே அந்தக் குட்டிக்கும் ஆரம்பத்தில் எலிசா பாசிட்டிவ் வரலாம். பயந்து கழித்துவிடாதீர்கள்.

தாய்க்கு வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. வலிக்கு மருந்து, மெத்தென்ற படுக்கை, குளம்பைச் சரியாக வெட்டுவது, இவ்வளவுதான் செய்ய முடியும். ஒரு ஆட்டுக்குப் போட்ட ஊசியை அடுத்ததற்குப் போடாதீர்கள். காதில் பச்சை குத்தும் கருவியும் ரத்தத்தைக் கடத்தும்.

கேட்டவர்:
சரி டாக்டர், குட்டிகளை இன்றே பிரித்துவிடுகிறேன். இதற்கிடையில் எதைக் கவனிக்க வேண்டும்? மனிதருக்கு வருமா?

பதில் 3:
மனிதருக்கு வராது. குட்டிகளில் இந்த வைரஸ் மூட்டை விட மூளை, தண்டுவடத்தைத்தான் தாக்கும், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள். பின்னங்கால் தள்ளாடுவது, காலை இழுத்து நடப்பது, அப்புறம் எழ முடியாமல் போவது. ஆனால் குட்டி தீனி எடுக்கும், சுறுசுறுப்பாகவே பார்க்கும். அப்படித் தெரிந்தால் உடனே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், வேறு நோய்களிலும் இதே தள்ளாட்டம் வரும்.