லடாக்கா, ஸ்பிட்டியா? அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம், வழி சொல்லுங்க

ஈரோட்டு வாத்தியார்:
வணக்கங்க. காலாண்டு லீவுல ஒன்பது நாள் கிடைக்குது. செப்டம்பர் கடைசியில கிளம்பணும். நான், வீட்டுக்காரம்மா, எங்கம்மா. அம்மாவுக்கு 61 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, முழங்கால் வலி வேற. "ஒரு மரங்கூட இல்லாத மலையாமே, கண்ணால பாத்துரணும்டா"ன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. நான் லடாக்ங்கறேன், வீட்டுக்காரம்மா இமாச்சலத்துல இருக்கிற ஸ்பிட்டிங்கறாங்க. ஒரு மாசமா இதே பஞ்சாயத்துதான். டிராவல்ஸ்காரர் ஒருத்தர் குடுத்த பிளான்ல முதல் நாள் விமானத்துல லடாக்கோட பெரிய ஊரான லே, ரெண்டாம் நாளே கர்துங் லா கணவாய் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கு. இது சரிப்படுங்களா?

மலையேறி:
முதல்ல அந்தப் பிளானைக் கிழிச்சுப் போடுங்க. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே 3,500. டெல்லியில ஏறி ஒன்றேகால் மணி நேரத்துல அங்க இறக்கி விட்டுருவாங்க, அந்த மெலிசான காத்து உடம்புக்குப் பழகாது. முதல் ரெண்டு நாள் ரூமை விட்டு அதிகம் நகரக் கூடாது. நுப்ரா லேயை விடத் தாழ்வுதான், ஆனா வழியில இருக்கிற கர்துங் லா 5,359 மீட்டர். பாங்காங் ஏரிக்கரை 4,200க்கு மேல, அம்மாவை வச்சுக்கிட்டு அங்க ராத்தங்கல் வேண்டாம். ரெண்டு இடத்துக்கும் அனுமதிச் சீட்டு வேணுமான்னு முன்னாடியே கேட்டுக்குங்க. ஸ்பிட்டிக்கு நமக்கு அது தேவையில்லை.

தாரகை:
லடாக்ல ஹன்லேவை விட்டுட்டீங்களே! காவலூர் தொலைநோக்கியை நடத்தற பெங்களூரு நிறுவனந்தான் அங்கயும் வானாய்வகம் வச்சிருக்கு. ராத்திரி வானத்தைப் பார்த்தா அம்மா அசந்துருவாங்க.

மலையேறி:
வானாய்வகம் இருக்கிறது 4,500 மீட்டர்ல. அம்மா வேற மாதிரி அசந்துருவாங்க.

கோவை மருமகள்:
அண்ணா, நாங்க ஸ்பிட்டிக்கு ரெண்டு தடவை போயிருக்கோம். முதல் தடவை செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். மணாலியில ராத்திரி தூங்கி எழுந்து, அடல் சுரங்கம், பாத்தல், குன்சும் கணவாய்னு ஒரே நாள்ல ஸ்பிட்டியோட பெரிய ஊரான காஸா போயிட்டோம். மணாலி 2,000 சொச்சம், குன்சும் 4,551. லோசர்ல டீ குடிக்க நிறுத்தினப்ப என் மாமியார் கதவைத் திறந்து ரோட்டோரமே வாந்தி எடுத்துட்டு, "தலையை யாரோ கயிறு போட்டு இறுக்கறாங்க"ன்னாங்க. காஸாவுல ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில தாபோவுக்கு இறக்கிக் கூட்டிட்டு வந்தோம், 47 கிலோமீட்டர்தான். சாயங்காலமே எழுந்து உக்காந்து சாதம் கேட்டாங்க.

அடுத்த தடவை சிம்லா பக்கமா போனோம். நார்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280. ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சங் கொஞ்சமா மேல போய்த் தூங்கறதால யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கல்பாவுல அப்ப ஆப்பிள் சீசன், கிளை தாங்காம முட்டுக் குடுத்து வச்சிருப்பாங்க. காப் பாலத்துல ஸ்பிட்டி ஆறு சட்லெஜ்ல கலக்குது. அதுக்கப்புறம் மலையில பச்சைங்கிறதே இல்லை, சாம்பலும் காவியுந்தான். உங்கம்மா கேட்டது அதானே?

பழைய பட்டாளத்தான்:
தம்பி, நான் லே பக்கம் வண்டி ஓட்டினவன். ஒரு விஷயத்துல லடாக் தேவலை: லேயில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, காஸாவுல சுகாதார மையந்தான். முழங்கால் வலின்னு சொன்னீங்க, அதனால கேக்கறேன். ஸ்பிட்டி கிராம வீடுகள்ல பழைய மாதிரி உலர் கழிப்பறை, மண்தரையில ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அம்மாவால உக்காந்து எழ முடியுமா? ரூம் போடும்போதே வெஸ்டர்ன் இருக்கான்னு கேட்டுக்குங்க, தரைத்தளமாவும் பாருங்க. லே போறதா இருந்தா பிரீபெய்டு சிம் அங்க செத்த சிம், போஸ்ட்பெய்டு வேணும்.

இன்னொண்ணு. உயரத்துல வர்ற தலைவலி, வாந்தி வராம இருக்கறதுக்குன்னு டயமாக்ஸ் மாத்திரை குடுப்பாங்க. பிரஷர் மாத்திரையோட சேருமான்னு டாக்டரைக் கேக்காம போடாதீங்க. சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லணும்.

ஈரோட்டு வாத்தியார்:
ஐயா, நல்ல வேளை சொன்னீங்க. அம்மாவுக்கு முன்னால ஒரு தடவை சல்ஃபா மாத்திரையில உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. டாக்டர்கிட்ட இப்பத்தான் பேசினேன். டயமாக்ஸ் வேண்டாம், மெதுவா ஏறற வழியாப் பாருங்கன்னுட்டார். அப்ப லே விமானம் அடிபட்டுப் போச்சு. ஆனா ஒன்பது நாள்ல சிம்லா வழியா போய் குன்சும் வழியா மணாலி இறங்க முடியுங்களா?

கோவை மருமகள்:
கணக்குப்படி முடியும். ஆனா அக்டோபர் தொடக்கத்துல குன்சும்ல பனி விழுந்தா ரோட்டை மூடிருவாங்க. காஸாவுல இருந்து வந்த வழியே திரும்ப மூணு நாள் ஆகும், விமானம் போயிரும். குன்சும் ரோடும் பாறையும் ஓடையுமா குலுக்கியெடுக்கும், முழங்காலுக்கு ஆகாது.

நான் உங்க இடத்துல இருந்தா இப்படிப் போவேன்: சண்டிகர், நார்கண்டா, கல்பா, அப்புறம் தாபோவுல ரெண்டு ராத்திரி. நடுவுல ஒரு பகல் காஸாவும் கீ மடமும் பார்த்துட்டுத் தூங்கத் தாபோவுக்கே வந்துருவேன். திரும்பக் கல்பா, நார்கண்டா, சண்டிகர், ஒன்பதாம் நாள் விமானம். காஸாவுக்கு மேல இருக்கிற லாங்சா கிராமம், ஹிக்கிம் தபால் நிலையம் எல்லாம் விட்டுப் போகும். போகட்டும். தாபோ மடம் கி.பி. 996ல கட்டினது. உள்ளே இருட்டு, செருப்பைக் கழட்டினதும் பாதம் சில்லிட்டுப் போகும். கண்ணு பழகப் பழக சுவத்துல இருந்து மண் சிலைகள் ஒவ்வொண்ணா வெளிய வரும். ஏறி இறங்கற வேலை கிடையாது, மடம் சமதரையிலயே இருக்கு. அம்மா எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்திருக்கலாம்.

ஈரோட்டு வாத்தியார்:
இதையே வச்சுக்கறோம். அம்மாகிட்ட சொன்னேன், "மரம் இருக்காதில்ல?"ன்னு மறுபடி உறுதிப்படுத்திக்கிட்டாங்க. வீட்டுக்காரம்மா ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்காங்க.

பழைய பட்டாளத்தான்:
பணத்தை கல்பாவுக்குக் கீழ இருக்கிற ரெக்காங் பியோவிலேயே எடுத்துக்குங்க, மேல ஏடிஎம்மை நம்பாதீங்க. பெட்ரோலும் பியோ பக்கம் ரொப்பிட்டா அடுத்தது காஸாதான்.