மறு: வைன் அறையைக் குளிர்விக்கும் கருவிக்கு என்ன பெயர்? ‘தண்பதனம்’ என்கிறேன்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாரிஸிலிருந்து ஊருக்குத் திரும்பி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீடு கட்டும் தம்பி இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டிருந்தார். இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமுமான சிற்றறை ஒன்றை வைன் போத்தல்களுக்காக ஒதுக்கியிருக்கிறார். அதற்கு எந்தக் குளிர்க்கருவி பொருந்தும்? அந்தக் கருவியைத் தமிழில் எப்படி அழைப்பது? குழுமம் இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டது. இவை பிரித்துப் பேசக்கூடிய கேள்விகள் அல்ல என்பது என் நிலைப்பாடு. கருவி என்ன வேலை செய்கிறது என்று பாராமல் பெயர் வைத்தால், அந்தப் பெயரை நம்பிக் கடைக்குப் போகிறவர் வேறொரு கருவியை வாங்கிக்கொண்டு வருவார்.

> நிலவறை என்ற நல்ல சொல் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? ‘நிலவறைக் குளிரூட்டி’ போதுமே.

ஏழாலை ஐயாவின் இந்தக் கருத்துக்குத்தான் ஆதரவு அதிகம். சொல் அழகானதுதான். ஆனால் அது பிரான்ஸின் மண்ணுக்குப் பொருந்துகிற அளவுக்கு யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மண்ணுக்குப் பொருந்தாது. தரைக்குக் கீழே சில மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ, அதை ஒட்டியே நிலத்தடியும் இருக்கும். போர்தோ, பூர்கோன் பகுதிகளில் அது 12, 13 பாகை (செல்சியஸ்) அளவில் நிற்கிறது. அங்கே தோண்டினாலே வைனுக்கு ஏற்ற இடம் கிடைத்துவிட்டது. பெயரும் இடத்தை வைத்து வந்தது. நம்முடைய சராசரியோ 28 பாகைக்கு அருகில். மார்கழி விடியலில் கிணற்று நீரை அள்ளித் தலையில் ஊற்றியவர்களுக்கு அந்த வெதுவெதுப்புத் தெரியும். போதாததற்குச் சுண்ணக்கல்லை உடைத்துக் கீழே போனால், கார்த்திகை மழையில் கிணற்று நீர்மட்டம் ஏறும்போது அறைக்குள்ளும் நீர் ஊறும். யாழ்ப்பாணத்தில் வைனுக்காக நிலவறை தோண்டுவது காசைக் குழியில் போடுவது. தம்பியின் அறை நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் (மது) புறநானூற்றில் வருகிறதே என்றும் ஐயா காட்டியிருந்தார். வருவது உண்மை. அங்கே புதைத்தது முதிர்ச்சியைப் பெறுவதற்கு. இங்கே நாம் கேட்பது அதற்கு நேர்மாறு: முதிர்ச்சி பல ஆண்டுகளுக்கு மெல்ல நகர வேண்டும், அவசரப்படக்கூடாது. வைன் 25 பாகைக்கு மேல் நெடுநாள் கிடந்தால் மணமும் சுவையும் வெந்துபோகும். வெப்பம் ஏறியிறங்கினால் திரவம் விரிந்து சுருங்கித் தக்கையை அசைக்கும். வளி வறண்டால் தக்கை சுருங்கிக் காற்றை உள்ளே விடும். வளி மிக ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே 12 முதல் 14 பாகை, சாரீரப்பதன் (வளி தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை வீதம் அதில் இருக்கிறது என்பது) 50 முதல் 70 வீதம், இரண்டும் குலையாமல். கருவியின் முழு வேலையும் இதுதான். ‘குளிரூட்டி’ என்ற சொல்லில் இந்த வேலையின் பாதிகூட இல்லை.

> ஊரில் எல்லோரும் ஏசி என்றுதான் சொல்வார்கள். ‘வைன் ஏசி’ என்றால் எவருக்கும் விளங்கும்.

ரொறன்ரோவிலிருந்து எழுதிய அக்காவுக்கு: விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். நீர்வேலியில் என் உறவினர் ஒருவர் சாமான் அறையொன்றுக்குச் சாதாரண வீட்டு ஏசியைப் பூட்டி, 16 பாகையில் வைத்து, இரவு பகலாக ஓடவிட்டார். பூட்டிக் கொடுத்தவரும் ‘ஏசி ஏசிதானே’ என்றாராம். நான் போய்ப் பார்த்தபோது உள்ளலகின் வாயில் பனிக்கட்டி படர்ந்திருந்தது. மின் நின்றதும் அது உருகிக் கீழ்த்தட்டுப் போத்தல்கள் மேல் சொட்டியது. ஒரு போத்தலைத் தூக்கினேன்; அதன் சுட்டுத்துண்டு கழன்று கையோடு வந்தது, போத்தலில் பசை மட்டும் மிஞ்சியது. சுவரின் மறுபக்கம் குசினி. அந்தப் பக்கத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஈரம் ஏறியிருந்தது.

ஏன் இப்படி நடந்தது என்று விளக்கினால்தான் பெயர் விவாதம் நேராகப் போகும். நம் ஊர் வளி 32 பாகையில் 65 வீதச் சாரீரப்பதனோடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் பனிபடுநிலை ஏறத்தாழ 24½ பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எந்த மேற்பரப்பைத் தொட்டாலும் அந்த வளி நீரைக் கக்கும். கதவிடுக்கால் உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீற்றர் வளியும், 13 பாகைக்கும் 65 வீதத்துக்கும் இறங்கும்போது, ஏறக்குறைய 15 கிராம் நீரை எங்கேனும் விட்டாக வேண்டும். வீட்டு ஏசி மனிதருக்காகச் செய்தது. பெரும்பாலானவற்றில் 16 பாகைக்குக் கீழே இறங்க இடமில்லை. வளியைக் குளிர்விக்கும் அதன் ஆவியாக்கிச் சுருள் அறை வளியைவிட மிகவும் குளிர்ந்து நிற்பதால் நீரை வரம்பில்லாமல் இழுக்கும். அறையே குளிர்ந்திருந்தால் அந்த நீர் சுருளிலேயே உறையும். வைனுக்கென்று செய்த அலகில் சுருள் பெரிது, வளிக்கும் சுருளுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு சிறிது. அதனால் மெல்லக் குளிர்விக்கிறது, ஈரத்தையும் முழுவதும் பறிப்பதில்லை. இரண்டும் ஒரே தத்துவத்தில் ஓடுகின்றன, வேலை வேறு. வேலை வேறானால் பெயரும் வேறாக வேண்டும்.

இந்த இடத்தில் என் சொல்லை முன்வைக்கிறேன்: தண்பதனம்.

குளிர்பதனம் என்ற சொல் வழக்கில் இருக்கிறது. மீனும் விதை உருளைக்கிழங்கும் வைக்கும் கிடங்கைக் குளிர்பதனக் கிடங்கு என்கிறோம். ஏசியின் வேலையை வளிப்பதனம் என்று எழுதுவோரும் உண்டு. தண்பதனம் அந்த வரிசையில் இயல்பாக வந்து அமர்கிறது. குளிர் என்பது உடம்பை நடுக்குவது, தண்மை இதமானது. தண்ணிழல், தண்புனல் என்பவற்றில் எவரும் நடுங்குவதில்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாடிய புலவரே ‘தண்கமழ் தேறல்’ என்றுதான் சொன்னார். நம் பொருளுக்கும் அந்த அடைக்கும் உறவு பழையது. பதனம் என்பது பாதுகாப்பு. அதோடு ஈரப்பதன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த காதுக்கு அதில் ஈரத்தின் ஒலியும் கேட்கும். மென்குளிர், ஈரம், காப்பு என்ற மூன்றும் ஆறு எழுத்துக்குள் அடங்குகின்றன.

அறையைத் தண்பதன அறை என்றும், கருவியைத் தண்பதனக் கருவி என்றும், அலுமாரி வடிவில் வருவதைத் தண்பதன அலுமாரி என்றும் சொல்லலாம்.

நாகர்கோவிலிலிருந்து எழுதும் பேராசிரியர் ‘தண்பதனி’ என்று ஒரே சொல்லாக்கலாமா என்று தனிமடலில் கேட்டார், பின்பு அவரே தயங்கினார். அவருடைய தயக்கம் சரியானது. அவர் ஊரில் பதனி என்றால் பனையிலிருந்து இறக்கும் பதநீர். இங்கே நாம் அதைக் கருப்பணி என்பதால் நமக்கு உறுத்தாது. ஆனால் கலைச்சொல் பாக்குநீரிணையின் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதே காரணத்தால்தான் குழுமத்தில் வந்த ‘முந்திரிகைத் தேறல் காப்பகம்’ என்ற முன்மொழிவையும் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் கொடியில் குலையாகத் தொங்குவது. தமிழகத்தில் அது பாயசத்தில் விழும் கொட்டை. ‘தண்காப்பி’ என்ற முன்மொழிவும் அங்கே ஒரு பானமாகிவிடும். ‘தண்ணிலை’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இலக்கணத்தின் தன்னிலை பக்கத்திலேயே நிற்கிறது, வாய்ப்பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வைனை வைன் என்றே விடலாம். தோலகட்டி ஆச்சிரமத்து வைனை ஊரில் எவரும் வேறு பெயரால் கேட்டதில்லை. கருவியின் பெயருக்குள் குடிவகையைத் திணிக்காமல் விட்டால், நாளைக்குப் பாற்கட்டியை முதிரவைப்பவரும் சொக்கிலேற் செய்பவரும் அதே சொல்லை எடுத்தாளலாம்.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்கே சொற்கள் பிறந்தது நோயாளியின் கட்டிலுக்கும் மாணவரின் குறிப்பேட்டுக்கும் நடுவில். நமக்கும் அந்த வழிதான் நல்லது. கருவியைப் பூட்டுகிறவர் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். ஆகவே துணைச்சொற்களையும் நம் பாடநூல் வழக்கிலிருந்தே எடுத்து எழுதுகிறேன்: ஆவியாக்கி, ஒடுக்கி (சூட்டை வெளியே தள்ளும் பகுதி), காவலி (வெப்பத்தைத் தடுக்கும் பொருள்), பனிபடுநிலை, சாரீரப்பதன். தமிழக நண்பர்கள் சாரீரப்பதனை ஒப்பு ஈரப்பதம் என்பார்கள். இரண்டையும் பதிவில் சேர்ப்போம்.

இனித் தம்பியின் அறைக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய அளவுப்படி உயரம் 2.4 மீற்றர். நான்கு சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 27 சதுர மீற்றர். வெளியே 32, உள்ளே 13 பாகை என்றால், வெறும் சீமெந்துக்கல் சுவர் வழியாக ஏறக்குறைய 1000 வாற்று வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதே சுவருக்கு 10 சென்றிமீற்றர் பொலியூரித்தேன் நுரையைக் காவலியாக வைத்தால் 130 வாற்று அளவுக்கு இறங்கும். முதலில் காசு போக வேண்டிய இடம் சுவர். ரெஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரை) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும், ஆனால் அதே பலனுக்கு இன்னும் தடிப்பாக வைக்க வேண்டும். நீராவித்தடையாக வைக்கும் பொலித்தீன் காவலியின் வெளிப்பக்கத்தில், அதாவது சூடான பக்கத்தில் இருக்கட்டும். குளிர்நாட்டு வீட்டு வரைபடங்களில் அதை உட்பக்கத்தில் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அங்கே வீட்டின் உள்தான் சூடு. அதைப் பார்த்து இங்கே செய்தால் காவலிக்குள் நீர் தேங்கும்.

கருவி வகையில் எனக்குத் தயக்கமில்லை. வெப்பமின் வகையை, அதாவது பெல்ற்றியர் 1834இல் கண்ட விளைவால் (மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாவது) இயங்குவதை, விட்டுவிடுங்கள். சத்தமில்லை, அதிர்வில்லை, விலையும் குறைவு. ஆனால் சுற்றுப்புறத்தைவிட 10, 15 பாகைதான் அதனால் இறக்க முடியும். பாரிஸ் வீட்டில் அது தாராளம். கொக்குவிலில் சித்திரை வெயிலில் அறை 18 பாகைக்குக் கீழே போகாது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலரும் நம் ஈரக்காற்றில் பயன்படாது, 26 பாகைக்குக் கீழே அது இறங்காது. சுவரில் துளையிட்டு முழு அலகையும் பொருத்தும் வகை மலிவு, பூட்டுவதும் சுலபம். ஆனால் அதன் ஒடுக்கி சூட்டைப் பக்கத்து அறைக்குள் கொட்டும். அந்த அறை சிறிதாகவும் அடைத்தும் இருந்தால் கருவி தன் சூட்டிலேயே திணறும். உங்கள் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது சாமி அறை. அங்கே விளக்கும் எரியும், கதவும் சாத்தியிருக்கும். ஆகவே உள்ளலகும் வெளியலகும் பிரிந்த வகையை எடுங்கள். ஒடுக்கியை வடக்குச் சுவரில், நிழல் விழும் இடத்தில், காற்று வாங்கும்படி வையுங்கள். கடற்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும், பூச்சுப் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் விபரத்தாளில் ‘சுற்றுப்புற வெப்பநிலை’ எல்லையைப் பாருங்கள்; 35 பாகைக்கு மேல் தாங்காத கருவி நமக்கு உதவாது.

போத்தல்கள் சில டசின்தான் என்றால் அறையே வேண்டாம், அமுக்கி (கொம்பிரசர்) பூட்டிய தண்பதன அலுமாரி ஒன்று போதும். ஆனால் நீங்கள் நூற்றுக்கணக்கில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மின்வெட்டைப் பற்றி வவுனியா நண்பர் கவலைப்பட்டிருந்தார். 2022இல் பட்டதை எவரும் மறக்கவில்லை. நல்ல காவலியும் இறுக்கமான கதவும் இருந்தால், உள்ளே அடுக்கிய போத்தல்களின் திரவமே குளிரைப் பிடித்து வைத்திருக்கும். சில மணி நேரத்தில் வைனின் வெப்பநிலை பெரிதாக ஏறாது. மின் வந்தவுடன் அமுக்கி உடனே இயங்கத் தொடங்காதபடி ஒரு தாமதக் கருவி கட்டாயம் பூட்டுங்கள். மின்னழுத்தம் ஏறியிறங்கும் நேரம் அதுதான்.

சொற்பதிவுக்கான வரைவு கீழே. திருத்தங்களை ஏழாலை ஐயா முதலில் சொல்லட்டும், பிறகு மற்றவர்கள்.

தண்பதனம்: உறைநிலைக்கோ மீன், காய்கறிக் கிடங்கின் குளிருக்கோ போகாமல், ஏறத்தாழ 10 முதல் 16 பாகை வரையான மென்குளிரையும் குறித்த சாரீரப்பதனையும் நெடுங்காலம் மாறாமல் வைத்துப் பொருளைக் காத்தல். ஒப்புநோக்குக: குளிர்பதனம், வளிப்பதனம்.

தம்பி, ஒன்று மட்டும் உங்கள் வரைபடத்தில் இல்லை. ஆவியாக்கியிலிருந்து வடியும் நீருக்குக் குழாய் எந்தப் பக்கம் போகிறது? மேசன் சுவர் பூசுவதற்கு முன் அதற்கு வழி விட வேண்டும். கிணற்றடி வாழைப்பாத்தி அந்தப் பக்கம்தான் என்றால், சரிவு கொடுத்து அங்கேயே விடலாம். குழாயின் முனையில் ஒரு வளைவு வைத்து நீர் நிற்கும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் சூடான வளி அந்தக் குழாய் வழியாகவே அறைக்குள் ஏறிவிடும்.