கைபட்டால் உதிரும் மலை

கோப்பாயூரான்:
மலை பார்த்த அனுபவத்தை எழுதச் சொன்னால் யாழ்ப்பாணத்தான் எங்கே போவான்? கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. அதனால் ஜேர்மனிக் கதையைச் சொல்கிறேன்.

போன புரட்டாதியில் டிரெஸ்டனில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை ‘சாக்சன் சுவிட்சர்லாந்து’ போவோம் என்றார்கள். நான் கடவுச்சீட்டைத் தேட, மருமகன் சிரித்துவிட்டார். அது ஜேர்மனிக்குள்ளேயே எல்பே ஆற்றோரம் இருக்கும் மணற்கல் பிரதேசம். 1990இல் தேசியப் பூங்காவாக்கியிருக்கிறார்கள்.

ராத்தனில் ரயிலால் இறங்கி ஆற்றைக் கடக்க, எங்கள் ஊர்காவற்றுறைப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) மாதிரி ஒன்று. நீரோட்டம் வரும் பக்கம் ஆற்றுக்குள் நங்கூரமிட்ட நீளக் கம்பியில் அதைக் கட்டியிருக்கிறார்கள். நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது, எண்ணெய்ச் செலவு இல்லை!

அப்புறம் ஏற்றம். முழங்கால் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். மேலே பாஸ்டை என்ற இடத்தில், பாறைத் தூண்களுக்கு நடுவே 1851இல் கட்டிய கல் பாலம் நிற்கிறது. ஆறு 194 மீற்றர் கீழே. “அம்மப்பா, கீழ பாக்காதேங்கோ” என்று பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரவு பெய்த மழையில் பாறை ஊறிக் கறுத்திருந்தது. பாதையோரப் பாறையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். கை நிறைய மணல். சீனி மாதிரி மணிகள், இலேசான மஞ்சள். எத்தனையோ பேரைத் தாங்கும் மலை என் கைக்கே உதிர்கிறது! “அப்பா, கையை எடுங்கோ. எல்லாரும் இப்பிடித் தேய்ச்சா என்ன மிஞ்சும்?” என்று மகள் அதட்டினாள்.

சுமார் பத்துக் கோடி வருடங்களுக்கு முன்பு அது கடலடி மணலாம். இறுகிக் கல்லாகி, கடல் போன பிறகு ஆறும் மழையும் அரிந்து விட்ட மிச்சம்தான் இந்தத் தூண்கள். எங்கள் சுண்ணக்கல்லும் கடல் பெற்ற பிள்ளைதான். ஆனால் நம்மூரில் மழைத்தண்ணீர் கல்லைக் கரைத்து உள்ளே பொந்தும் குகையுமாக்குவதால், வேலை முழுக்க நிலத்துக்குக் கீழே. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பாறை முகத்தில் தேன்கூடு மாதிரித் துளைகள் வேறு. உள்ளே ஊறிய தண்ணீர் வெளியே வந்து காயும்போது, அதிலிருக்கும் உப்பு பளிங்காகி மணலைப் பெயர்த்துவிடுகிறது. எங்கள் கிணற்றடிச் சுவரில் பூச்சு உதிர்வதும் உப்பால்தான். நான் பாவம் அந்த மேசனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வல்வைப் பெடியன்:
அண்ணை, ஏறுகிற ஆட்களைப் பார்க்கவில்லையா? நான் பெரியப்பாவின் மகனோடு போனபோது ஒருவர் பாறை வெடிப்புக்குள் கயிற்று முடிச்சைச் செருகிக்கொண்டிருந்தார். விழுந்தால் தாங்குவது அந்த முடிச்சுத்தான். வெடிப்பில் இரும்புச் சாமான் செருகத் தடை, கல்லைக் கடித்துவிடுமாம். கைக்கு வெள்ளைத் தூள் பூசவும் விடமாட்டார்கள். பக்கத்தில் போய் முடிச்சைப் பார்த்தேன். அப்பா வள்ளத்தில் போடுகிற முடிச்சு மாதிரியே இருந்தது.

அடுத்த நாள் மழை. மத்தியானம் நல்ல வெயில் எறித்தும் ஒருவரும் ஏறவில்லை. ஈரமான மணற்கல்லுக்குப் பலம் குறைவு, வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாதாம். பொறுமைசாலிகள்.

சுன்னாகத்துப் பிள்ளை:
டிரெஸ்டன் பெரிய தேவாலயத்தைப் பார்த்தீர்களா ஐயா? அதுவும் அந்த மணற்கல்தான். சுவரில் அங்கங்கே கறுப்புக் கல். நான் தீப்பிடித்த அடையாளம் என்று நினைத்தேன். 1945இல் இடிந்ததைத் திருப்பிக் கட்டி 2005இல் திறந்தபோது பழைய கற்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கல் வயசானால் கறுக்குமாம்.

கோப்பாயூரான்:
பார்த்தேன் பிள்ளை. நானும் தீ என்றுதான் நினைத்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஊர் திரும்பி இரண்டாம் நாள் மனிசி கிணற்றடியில் என் ஜக்கெட்டைத் தோய்த்தாள். பொக்கற்றை வெளியே இழுத்தால் ஒரு சிட்டிகை மஞ்சள் மணல். “மலைக்கெண்டு சொல்லிப்போட்டு கடற்கரைக்கே போனீங்கள்?” என்று கேட்டாள்.