சுங்கை சிப்புட்டில் இருந்து சதுரங்க ஓபன் ஆடப் போனவர்கள் கொஞ்சம் பேசுங்கள்

செம்பனைக்காரன்:

மெர்டேக்கா சுதந்திர தினத்தை ஒட்டிக் கோலாலம்பூரில் நடக்கும் மலேசிய ஓபனுக்கு நம் ஊரில் இருந்து சிலர் போய் வந்தது எனக்குத் தெரியும். ஜெயித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வேண்டியது, எதிரே உட்கார்ந்த ஆளைப் பற்றி. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போது ரேட்டிங், அதாவது ஆட்ட வலுவைக் காட்டும் எண், 1850ஐ ஒட்டி. வலுவான பிரிவில் பெயர் கொடுத்துவிட்டேன். சுவிஸ் முறையில் முதல் சுற்று எப்படி என்று தெரியும்தானே? ரேட்டிங் வரிசைப் பட்டியலைப் பாதியாக வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்ப் பாதியின் முதல் ஆளைக் கொடுப்பார்கள். நான் கீழ்ப் பாதி. ஜோடித் தாள் ஒட்டும்வரை சுவர் ஓரம் நின்றபோது, அப்பா தோட்டத்தில் பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற காலம்தான் ஞாபகம் வந்தது. இன்று எந்த மலை, எந்த நிரை என்று தோட்டக் கணக்கர் கிராணி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி.

வந்தவன் சென்னைப் பையன். 11 வயது இருக்கலாம். ரேட்டிங் 2300க்கு மேல். முட்டியை மடக்கி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால்தான் அவனுக்குப் பலகை எட்டியது. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல். முதல் மூன்று மணி நேரம் நன்றாகத்தான் நின்றேன். யானைகள் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. அப்படியும் டிரா ஆகவேண்டிய ஆட்டம். பயத்தில் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கி ராஜாவோடு சேர்த்துப் பூட்டினேன். 68வது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன்.

எழுந்து போய்விடுவான் என்று பார்த்தால், "அங்கிள், வாங்க பாக்கலாம்" என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனான். "ரூக்கை ஏன் கீழ இறக்கினீங்க? என் பான் ஓரத்துல இருந்தா தாங்கும். பிஷப் ஃபைல்ல இருக்கு, தாங்காது." ரூக் என்றால் யானை, பான் என்றால் சிப்பாய், பிஷப் ஃபைல் என்றால் தொடக்கத்தில் பிஷப் நிற்கும் நெடுவரிசை. அப்புறம் என் யானையை எடுத்து, என் பக்கத்தில் இருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் வைத்தான். அங்கே நின்றால் அவன் ராஜா முன்னேற முடியாது. சிப்பாயைத் தள்ளிய அந்த நிமிடமே யானை மறு கோடிக்கு ஓடிப் பின்னால் இருந்து செக் வைத்துக்கொண்டே இருக்கலாம். ராஜா ஒளிய இடம் இருக்காது. இதற்குப் பெயர் பிலிடோர் நிலை. புத்தகத்தில் படித்ததுதான். 4 மணி நேரம் உட்கார்ந்த பிறகு கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியே அவன் அம்மா டிபன் டப்பாவோடு காத்திருந்தார். "பசியாறிட்டீங்களாம்மா?" என்றேன். முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார். அவர் பாட்டி சொல்லிக் கேட்ட வார்த்தையாம். நம் ஊரில் தினமும் காலையில் பத்துப் பேர் கேட்கும் வார்த்தை. தயிர்சாதத்தில் எனக்கும் ஒரு கை கிடைத்தது.

கோயில் தெரு டீச்சர்:

நான் ஆடுகிறவள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் சதுரங்கக் கழகம் என் தலையில் விழுந்ததால், ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பக்கப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். அவன் சுற்று முடிந்ததும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் கேட்டது காய் வைக்கும் சத்தம் மட்டும்தான். நம் கோயில் மண்டபத்தில் இப்படி ஒரு அமைதியை நான் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் மறக்காதது அதுவல்ல. வாசல் கூடத்தில் வயதான மலாய்க்காரர் ஒருவர் பலகையோடு உட்கார்ந்திருந்தார். பையனைக் கூப்பிட்டு, "நான் ஒரு காஜா இல்லாமல் ஆடுகிறேன், வா" என்று மலாயில் சொன்னார். காஜா என்றால் யானைதானே? இவன் உரிமையோடு அவருடைய ரூக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டான். பாக்சிக் (பெரியவரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு நொடி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மலாயில் காஜா என்பது பிஷப். ரூக்குக்கு அங்கே தீர் என்று பெயர். விட்டுக்கொடுக்க நினைத்தது பிஷப்பை, போனது ரூக்.

பாதி ஆட்டத்தில் அடுத்தது. "மெந்தெரியைப் பார்த்துக்கொள்" என்று அவர் எச்சரித்தார். இவன் அவசரமாக மந்திரியை, அதாவது நாம் பள்ளியில் சொல்லும் பிஷப்பைக் காப்பாற்றினான். மலாயில் மெந்தெரி என்றால் ராணி. ராணி போயிற்று. பாக்சிக் விழுந்து விழுந்து சிரித்து, நகர்த்தலைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியும் ஜெயித்தது அவர்தான்.

ஒன்று சொல்கிறேன், பையன் பக்கம்தான் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பக்கமும் இல்லை. என் தாத்தா ராணி என்றே சொன்னதில்லை, ராஜா பக்கத்தில் நிற்பவர் மந்திரி என்பார். மலாய்க்காரர்கள் ஆட்டத்தையே சாத்துர் என்கிறார்கள். நம் சதுரங்கமும் அதுவும் ஒரே வேர். மந்திரி என்ற பழைய பெயரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம்தான் மாற்றிக்கொண்டோம். இப்போது கழகத்தில் மூன்று மொழிப் பெயரையும் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பட்டன் போன்:

என் அனுபவம் சின்னது. எதிராளி வியட்நாம் பெண், நான் நல்ல நிலையில். போனை அணைத்துப் பையில் வைத்துக் காலடியில் போட்டிருந்தேன். சிலவகைப் பழைய பட்டன் போன்கள் அணைத்திருந்தாலும் அலாரம் அடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மகளை டியூஷனில் இருந்து ஏற்ற வைத்த நாலரை மணி அலாரம். நடுவர் வந்து கிளாக்கை நிறுத்தினார். தோல்வி. பேச இடமே இல்லை, விதி அப்படி. அந்தப் பெண்தான் பாவம், தானே ஏதோ தப்புச் செய்த மாதிரி இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டது.

லிந்தாங் ரோடு:

நான் சொல்வது நான்காவது சுற்று. எதிரே 30 வயது வெளிநாட்டுக்காரர், ஐ.எம். (இண்டர்நேஷனல் மாஸ்டர்) பட்டத்துக்கு அலைபவர். பலகைக்கு வந்து என் பெயர் அட்டையையும் ரேட்டிங்கையும் பார்த்தபோதே அவர் முகம் கறுத்தது. என்னைக் கேவலமாக நினைக்கிறார் என்று எனக்குக் கோபம். இரண்டு பேருக்கும் ஒன்றரைப் புள்ளிதான், அப்புறம் என்ன மேட்டிமை?

ஆட்டம் சுத்தமான டிரா. ஆளுக்கு ஒரு பிஷப், என்னுடையது வெள்ளைக் கட்டம், அவருடையது கறுப்பு. ஒன்றை ஒன்று தொடவே முடியாது. டிரா கேட்டேன். பதில் சொல்லாமல் நகர்த்தினார். அரை மணி கழித்து மறுபடி கேட்டேன், அதற்கும் நகர்த்தல்தான் பதில். 94 நகர்த்தல் இழுத்தார். கடைசியில் பலகையில் ஒன்றும் மிஞ்சாமல் டிரா. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

ராத்திரி ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரே வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு, கடை ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஐ.எம். நார்முக்கு, அதாவது அந்தப் பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய தகுதிக்கு, 2450 ரேட்டிங் அளவில் ஆடியிருக்க வேண்டும். 9 சுற்றில் 6 புள்ளி எடுத்தால், எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2325க்குக் குறையக்கூடாது. என்னைப் போல ஒருவன் நடுவில் வந்தால் சராசரி சரியும். ஒரே ஒரு எதிராளிக்கு மட்டும் சலுகை உண்டு: எவ்வளவு குறைவாக இருந்தாலும் 2050 என்று வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தும் மற்ற 8 பேரின் சராசரி 2360 இருந்தால்தான் தேறும். அதாவது, என்னோடு ஜோடி போட்ட அந்த நிமிடமே அவருக்குப் பாதி நஷ்டம். டிரா ஆனதும் 4 சுற்றில் 2 புள்ளி. மிச்சம் 5 சுற்றில் 4 வேண்டும், அதுவும் பெரிய ஆட்களிடம். ஏற்கெனவே 2 நார்ம் கையில் இருந்தது, மூன்றாவதுக்காக எத்தனையோ ஊர் சுற்றிவிட்டாராம். விமானச் சீட்டு, அறை வாடகை எல்லாம் சொந்தக் காசு.

எனக்கு அது டிரா, பீற்றிக்கொள்ளும்படியான டிரா. ஊருக்கு வந்து பத்துப் பேரிடம் காட்டினேன். அவருக்கு அது ஒரு வருஷம். தே தாரிக்குக்கு நான்தான் காசு கொடுத்தேன். கடைசிச் சுற்றுவரை அவர் பலகையை எட்டி எட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சைக்கிள் கடை:

நான் ஓபன் ஆடினதில்லை. குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்ற நாள் (2024 டிசம்பர் 12) கடையை மூடாமல் போனில் பார்த்தேன். செம்பனைக்காரன் சொன்ன யானைக் கதைதான் அங்கேயும். டிங் 55வது நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொள்ள வழி விட்டார், அடுத்து பிஷப்புகளும் போயின, சிப்பாய் ஆட்டத்தில் குகேஷ் கையில் உலகப் பட்டம். டயர் மாற்ற வந்தவர் அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து நின்றார், அவருக்கு ஆட்டம் தெரியாது.

செம்பனைக்காரன்:

லிந்தாங் ரோடு, அந்த ரசீது இன்னும் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த தடவை மூன்று பேர் சேர்ந்தால் ஈப்போவரை என் வேன், அங்கிருந்து ரயில். டீச்சர், சனிக்கிழமை கழகத்துக்கு வருகிறேன், பிலிடோர் காட்ட. பெரியவர்களுக்கும் இடம் உண்டா?

கோயில் தெரு டீச்சர்:

உண்டு. 9 மணிக்கு, பசியாறிவிட்டு வாருங்கள். கிளாக் 2தான் இருக்கிறது, அதில் ஒன்று இடது பக்கம் அழுத்தினால் சில சமயம் நிற்காது. உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள். பட்டன் போன் ஐயாவும் வரலாம், போன் மட்டும் வீட்டில்.