புதுப்பிப்பு: கடற்காற்றில் நிற்கும் கார்

தேவனாம்பட்டினம், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் நிற்கும் காரை வாரம் ஒருமுறை அடிப்பாகத்தோடு கழுவுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டது என் தவறு: உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உதவாது. நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும், கடைசி அலசலாவது அதில்தான் இருக்க வேண்டும்.

துருப் பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் அடிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ரப்பர் புஷ்கள் (அடிப்பாக இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்) ஊறி உப்பிப்போகும், மணலும் அப்பிக்கொள்ளும்.

பலர் பார்க்காத இடம் கதவின் அடிவிளிம்பு. அங்கே தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து கிளம்பும். பெயிண்ட் கொப்பளிக்கும்போது தகடு ஏற்கெனவே அரித்திருக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை முனையால் குத்தி எடுங்கள், கம்பி வேண்டாம், கீறிவிடும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிளஸ்ஸை முதலில் மாட்டுங்கள். வாஸ்லின் மாட்டிய பிறகு மேலே தடவினால் போதும்.

கழுவியதும் அப்படியே நிறுத்தாதீர்கள். ஒரு கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நாலைந்து முறை பிரேக் பிடித்தால் டிஸ்க் காய்ந்துவிடும்.